பொன்னியம்மாள் வீட்டுக்கு வந்த விருந்தாளி

கிழக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் எண்பதுகளில் மீன் வாங்கியவர்களில் பொன்னியம்மாளிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. வரிசையின் கடைசியில், மதில் ஓரமாகப் பலகையைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். விலையை ஒரு தடவைதான் சொல்வாள். இரண்டாவது தடவை கேட்டால் அதே விலையோடு, கேட்டவரின் கஞ்சத்தனத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வாள். இவ்வளவும் பேசிவிட்டு, மீனைக் கொடுக்கும்போது கூறுக்கு மேல் ஒன்றை எடுத்துப் பையில் போடுவாள். அந்தக் கொசுறுக்காகவே திட்டைத் தாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள்.

சாமியிடமும் அவள் அப்படித்தான். கோவளத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் பிறந்து, அதே குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு கங்கையம்மன் கோயில் உண்டு. மற்ற பெண்கள் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு போய்விடுவார்கள். இவள் உட்கார்ந்து பேசுவாள். வலை அறுந்தது, கூடையை ஏற்ற மாட்டேன் என்று பஸ் கண்டக்டர் சண்டைக்கு வந்தது, நாத்தனார் கொழம்பில் புளி போதவில்லை என்று சொன்னது, எல்லாம் அம்மனுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்து அம்மன் என்ன செய்துவிட்டாள் என்று யாராவது கேட்டால், கேட்டுக்கொண்டிருந்தாளே, அது போதாதா என்பாள்.

புருஷன் ரங்கன் கடலுக்குப் போகிறவன். அதிகம் பேசமாட்டான். பேச அவனுக்கு இடம் கிடைத்தால்தானே என்று குப்பத்தில் கேலி செய்வார்கள். கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை கோபு. விட்டுவிட்டு வர ஆளில்லாததால் மீன் கூடையோடு அவனையும் தாம்பரம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள். நாலு வயசுப் பிள்ளை பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் மீன் பெயர் சொல்வான். சங்கராவைக் காட்டி வஞ்சிரம் என்பான். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள், வியாபாரமும் நடக்கும்.

எண்பத்தேழாம் வருஷம் சித்திரை வெயிலில் ஒரு நாள், ஜெயசீலி என்கிற வாடிக்கைக்காரி மீனைப் பார்க்காமல் பையனின் காலைப் பார்த்தாள். ஜெயசீலி நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். சேலையூரில் குடியிருந்தாள். தினமும் மின்சார ரயிலில் எழும்பூர் போய், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தாள். கோபுவின் முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. பெற்ற பிள்ளையை இப்படியா அடிப்பாய் என்று அவள் கேட்டுவிட்டாள்.

பொன்னியம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். தன் பிள்ளைமேல் இதுவரை ஒரு விரல்கூடப் பட்டதில்லை என்று மார்க்கெட் முழுக்கக் கேட்கச் சொன்னாள். ஜெயசீலி பதிலுக்குச் சண்டை போடவில்லை. குனிந்து, பையனின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு நாளைக் காலை ரயிலுக்குப் பிள்ளையோடு வந்துவிடு, மீன் வியாபாரமெல்லாம் அப்புறம் என்றாள். அந்தப் பார்வை பொன்னியம்மாளுக்குப் புரிந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்து, வெளுத்திருந்தால் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறவள்தானே. 

ரத்தத்தில் புற்று என்றார்கள். புற்று மார்பில் வரும், வாயில் வரும், அதுவும் வயசானவர்களுக்கு வரும், பால் பல் விழாத பிள்ளையின் ரத்தத்தில் எப்படி வரும் என்று அவள் டாக்டர் சுப்பராயலுவிடம் சண்டைக்கே போனாள். அவர் பொறுமையாகச் சொன்னார். வைத்தியம் இருக்கிறது. ஊசி, மாத்திரை என்று இரண்டு மூன்று வருஷம் இழுக்கும். பிழைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பிழைக்காதவர்களும் இருக்கிறார்கள். நடுவில் விட்டுவிட்டுப் போனவர்களில் பிழைத்தவர்களை மட்டும் அவர் பார்த்ததில்லை.

கடலோரத்திலிருந்து அந்தப் பிள்ளையை பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு போய்வர முடியாது என்று, தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். வீட்டுக்காரி கிளியம்மாள் அந்த ஊர்ப் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, மிச்சமிருந்த இடத்தில் வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். வாசலில் வேப்பமரம், நடுவில் கிணறு. கிளியம்மாளுக்கு நல்ல மனசு. ஆனால் அந்த வரிசை வீடுகளுக்குள் அவள் வைத்ததுதான் சட்டம்.

ரங்கன் குப்பத்திலேயே இருந்தான். விடியலில் வலை கரையேறியதும் கூடையைக் கட்டி முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவான். இவள் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிக்கொள்வாள். கூடையில் மேலாக, பூவரச இலையில் மடித்து, பிள்ளைக்கென்று கிழங்கான் மீன் தனியாக இருக்கும். முள் குறைவு, சதை பஞ்சு மாதிரி. மீன்பாடு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த இலை மடிப்பு வராமல் இருந்ததில்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை அந்த வருஷம் முழுக்க அந்தக் கூடை வழியாகவே நடந்தது.

ஊசி போடுகிற நாட்களில் ரயில். பையனின் முடி கொட்டியது, முகம் ஊதியது, பிறகு வற்றியது. முதுகுத்தண்டில் ஊசி போடும்போது நாலு பேர் பிடித்துக்கொள்ள, அம்மா என்று அலறுவான். பெற்ற மனம் பித்து என்பார்கள். பொன்னியம்மாள் வராந்தாவில் நின்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு, குப்பத்து அம்மனை அசிங்க அசிங்கமாகத் திட்டுவாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

வார்டில் ஒவ்வொரு கட்டிலிலும் ஒவ்வொரு சாமி இருந்தது. ஒரு கட்டிலில் நாகூர்க் கயிறு, ஒன்றில் வேளாங்கண்ணி எண்ணெய், ஒன்றில் திருப்பதி லட்டின் காய்ந்த துண்டு. சந்தையில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒருத்தி வாடிக்கையை ஒருத்தி கூப்பிடமாட்டார்கள். சாமிகளும் அப்படித்தான் என்று அவள் வைத்துக்கொண்டாள். டாக்டரையும் அந்த வரிசையிலேயே உட்கார வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் நடுவே அவளுக்குத் தகராறே இல்லை. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு என்று வார்டில் ஒரு தாய் கேலி செய்தபோது, விலாங்கு என்ன விலை போகிறது தெரியுமா என்று திருப்பிக் கேட்டாள்.

ஜெயசீலி அவளுக்கு ஒரு விதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். இந்த மருந்து சாப்பிடுகிற பிள்ளை உடம்பில் எதிர்த்து நிற்கிற சக்தி கிடையாது. காய்ச்சல், இருமல், பேதி, எந்த நோய் வந்தாலும் ஒரு பொழுது தாமதிக்கக் கூடாது, ஓடி வந்துவிட வேண்டும். பொன்னியம்மாள் அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினாள். ஒரு தும்மலுக்கே ரயிலேறியிருக்கிறாள்.

அந்த ஆடியில் குப்பத்தில் கூழ் ஊற்றினார்கள். கூட்டத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது என்பதால், மார்க்கெட்டுக்கு லீவு போட்டுவிட்டு ரங்கனை இரும்புலியூரில் உட்கார வைத்துவிட்டு அவள் மட்டும் போனாள். பம்பைச் சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு அம்மன் எதிரே உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள். 

"எம்மா நாளு நான் சொல்றத மட்டும் கேட்டுகினு குந்தியிருப்ப?" என்றாள் கடைசியில். "ஒரு வாட்டி வூட்டுக்கு வந்து எம்புள்ளய நேர்ல பாரு. வா தாயே. வந்து பாத்தா உனுக்கே மனசு கேக்காது."

அடுத்த பங்குனியில் அம்மன் வந்தாள்.

முதலில் கிளியம்மாளின் பிள்ளைகளுக்குத்தான் அம்மை வார்த்தது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்து, வேப்பிலையில் புரண்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு எழுந்து விளையாடப் போய்விட்டன. பிறகு ஒரு காலை கோபுவின் நெஞ்சில் முத்து முத்தாக நாலைந்து தெரிந்தது. பொன்னியம்மாள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலடியில் விழுந்து கும்பிட்டாள். வாய் விட்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்பதை இப்போது சொன்னால் நம்புவது கஷ்டம். ஆனால் அதுதான் உண்மை. இவள் கூப்பிட்டாள், அம்மன் வந்துவிட்டாள். கடலோரத்திலிருந்து இரும்புலியூர் ஓட்டு வீடு வரை வழி விசாரித்துக்கொண்டு வந்து, பிள்ளையின் உடம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருக்கிற புற்றை இனி அவளே பார்த்துக்கொள்வாள்.

கிளியம்மாளுக்கும் கண் கலங்கிவிட்டது. "கூப்ட்ட, வந்துட்டா பாரு. கொறை வெக்காம பாத்துக்கோ" என்று சொல்லி, செய்ய வேண்டியதையெல்லாம் அவளே முன்னின்று செய்தாள். நிலைப்படியில் வேப்பிலை செருகினாள். தரையில் வெள்ளைத் துணி விரித்தாள். அந்த அறையில் தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வேற்று ஆள் நடமாட்டம் இல்லை. மீனை நினைக்கவே கூடாது. மாத்திரை டப்பா மாடத்தில் மேலே போனது, அம்மா இருக்கும்போது மருந்து கொடுப்பது அவளை அவமதிப்பது. தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது.

ஜெயசீலி சொன்ன விதி பொன்னியம்மாளுக்கு மறந்துபோகவில்லை. அது நோய்க்குச் சொன்ன விதி. வந்திருப்பது நோய் இல்லையே. வீட்டுக்குச் சாமி வந்தால் ஆஸ்பத்திரிக்கு யாராவது ஓடுவார்களா? படித்தவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால், தங்களுக்குச் சின்ன வயசில் அம்மை வார்த்தபோது வீட்டில் என்ன செய்தார்கள் என்று பெற்ற தாயைக் கேட்டுவிட்டு அடித்துக்கொள்ளட்டும்.

முதல் நாளும் மறுநாளும் அவள் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ரங்கன் ஏற்றிவிட்ட கூடை ஆள் எடுக்காமல் அங்கேயே நாறி, கண்டக்டர் அதைத் திரும்பக் கொண்டுபோய் அவன் காலடியில் போட்டார்.

மூன்றாம் நாள் காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்றான். பிறகு வலிக்கிறது என்று சொல்லவும் தெம்பில்லாமல் கிடந்தான். முத்துகள் முகம், வாய், உள்ளங்கால் வரை இறங்கியிருந்தன. பழசு காயவில்லை, கறுத்துக்கொண்டு வந்தது. கிளியம்மாள் எட்டிப் பார்த்து, அம்மா உக்கிரமாக இருக்கிறாள், இன்னும் குளிர்ச்சி கேட்கிறாள் என்று இளநீர் வெட்டி அனுப்பினாள். பொன்னியம்மாள் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் விலாவைப் பார்த்தாள். கரையில் இழுத்துப் போட்ட மீனின் செவுள் அடித்துக்கொள்கிற மாதிரி அது அடித்துக்கொண்டது. அந்தத் துடிப்பு அவளுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் இருக்கும், எப்படி நிற்கும் என்பதும் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு, பிள்ளை வாயில் இளநீரை விட்டாள். அது கடைவாய் வழியாக வழிந்துவிட்டது.

அப்போதுதான் ரங்கன் வந்தான். கூடை திரும்பி வந்ததும் பயந்துபோய், கடலிலிருந்து ஏறிய கோலத்திலேயே பஸ் ஏறிவிட்டான். மீன் வாடையோடு உள்ளே வராதே என்று கிளியம்மாள் வேலிப் படலிலேயே நிறுத்தினாள். அவனும் அம்மனுக்குப் பயந்தவன்தான். அங்கேயே நின்று, திறந்திருந்த கதவு வழியாகப் பிள்ளையைப் பார்த்தான். பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?" என்றான்.

அவ்வளவுதான் அவன் கேட்டது. குற்றமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான்.  அம்மனிடம் எல்லாவற்றையும் சொன்னவள், டாக்டரிடம் எதையும் சொல்லவில்லை. ஒரே வரிசையில் உட்கார வைத்த இரண்டு பேரில் ஒருத்தரை இவளே எழுப்பி அனுப்பிவிட்டிருந்தாள்.

அவள் உள்ளே போய்ப் பிள்ளையின் எதிரே உட்கார்ந்தாள். பல்லி சொல்கிறதா என்று ஒரு கணம் சுவரைப் பார்த்தாள். சொல்லவில்லை. அதற்காகக் காத்திருக்க நேரமும் இல்லை.

"தாயே, நான் கூப்டுதான் நீ வந்த. உனுக்கு மரியாதில ஒரு கொறையும் வெக்கல. இப்போ நான் அவசரமா ஒரு எடத்துக்குப் போவணும். வூட்டுக்கு வந்தவள தனியா வுட்டுட்டுப் போறது மொறையில்ல. நீயும் கூட வா."

வெள்ளைத் துணியோடு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நிலைப்படியிலிருந்த வேப்பிலையை உருவி இடுப்பில் செருகினாள். கிளியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"படி தாண்டாத பொன்னி. அவ கோவம் எம்புள்ளைங்க மேல திரும்பும்."

"அவள உன் வூட்ல வுட்டுட்டுப் போவல அக்கா. என்னோட இட்டுகினு போறன். நவுரு."

 கிளியம்மாள் விலகி, ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அவள் கால் போகிற வழியில் ஊற்றினாள்.

ரயிலில் ஏற முடியாது. அம்மா வந்த பிள்ளையைக் கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோகக் கூடாது. ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். டிரைவர் வேப்பிலையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். இறங்கிச் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரு கொத்தை வாங்கி முன் கண்ணாடியில் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு வண்டியை எடுத்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்காரர்கள்கூட வழி விட்டார்கள். கோயில் வண்டி என்று நினைத்திருக்க வேண்டும். தப்பாகவும் நினைக்கவில்லை. குரோம்பேட்டை, மீனம்பாக்கம், கிண்டி என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போக, பொன்னியம்மாள் பிள்ளையின் மூச்சில் காதை வைத்தபடியே வந்தாள். ரங்கன் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றது. டிரைவர் உள்ளே விடட்டுமா என்றார். வேண்டாம் என்றாள். இறங்கி, வெளியே இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் பிள்ளையோடு நின்றுகொண்டாள். உள்ளே போக அவளுக்குக் கால் துடித்தது. ஆனால் போகவில்லை.

"சிஸ்டராண்ட போய்ச் சொல்லு," என்றாள் ரங்கனிடம். "அம்மா வந்துகீறா, உள்ள வரலாமான்னு கேட்டுகினு வா. ஓடு."

மீன் வாடை அடிக்கிற ஆளைக் காவலாளி நிறுத்தப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ரங்கன் சத்தம் போட்டான். ஜெயசீலி மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். வந்தவள் பிள்ளையைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி பிள்ளையைப் பற்றியது இல்லை.

"வார்டுக்குள்ள வந்தியா? கேட்டுக்கு உள்ள கால் வச்சியா?"

"அம்மா மேல இருக்கசொல்ல அடுத்தவங்க வூட்டுக்குள்ள நுழைவாங்களா சிஸ்டரு? அங்க புள்ளைங்க கீதுங்களே."

ஜெயசீலி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மேலே அந்த வார்டில் மொட்டைத் தலையோடு ஒரு கூட்டம் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாம் கோபு மாதிரியே எதிர்ப்புச் சக்தி அற்றுப்போன பிள்ளைகள். இந்த அம்மை நுழைந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் தங்கியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாள் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டிருந்ததும், மரத்தடியில் நின்று அனுமதி கேட்டதும் ஒரே வழக்கம்தான். அன்றைக்கு அவளைத் திட்டுவதற்கென்று வாயைத் திறந்த எல்லாருக்கும் பாதியில் வார்த்தை நின்றுபோனது அதனால்தான்.

வராந்தாவின் கோடியில் சாமான் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். ஏற்கெனவே அம்மை வந்தவர்கள் மட்டும் உள்ளே போகலாம் என்றார் டாக்டர். ஜெயசீலிக்கு ஏழு வயசிலேயே வந்திருந்தது. பொன்னியம்மாளுக்கும் சின்ன வயசில் வந்திருந்தது, ரங்கனுக்கு வந்ததில்லை. டாக்டர் சுப்பராயலு பிள்ளையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மூன்று நாளாக என்ன செய்துகொண்டிருந்தாய்? முதல் நாளே வந்திருந்தால் இந்த அளவு போயிருக்காதே. நுரையீரலில் இறங்கிவிட்டதே. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மாத்திரையாவது கொடுத்தாயா என்றார். அம்மா வந்தால் மருந்து கொடுக்க மாட்டோம் என்றாள். அம்மை இருக்கும்போது அந்த மாத்திரை எதிர்த்து நிற்கிற சக்தியை இன்னும் குறைக்கும், அதை நிறுத்தியது மட்டும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது மருந்து ஒன்றை நரம்பில் ஏற்றினார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள். இரும்புக் கட்டிலின் கால்மாட்டில் பொன்னியம்மாள் வேப்பிலையைக் கட்டினாள். ஜெயசீலி தடுக்கவில்லை. மருந்து பாட்டில் தொங்குகிற கம்பியில் மட்டும் கட்டாதே என்றாள்.

பிழைப்பானா என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த அறையில் அவள் அம்மனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஜெயசீலி அதைக் கவனித்தாள். இத்தனை நாள் ஆஸ்பத்திரி வராந்தாவெல்லாம் கேட்க அம்மனைத் திட்டினவள் இப்போது ஊமையாகிவிட்டாளே என்று, ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று விசாரித்தாள். பொன்னியம்மாள் ஆடியில் குப்பத்தில் கேட்டுக்கொண்டதைச் சொன்னாள். கூப்பிட்டது நான்தான், என் வாயால்தான் என் பிள்ளைக்கு இது வந்தது என்றாள்.

ஜெயசீலிக்கு மனசு பொறுக்கவில்லை. "பைத்தியம் மாதிரி பேசாதே. அந்த வீட்டுப் பிள்ளைங்ககிட்ட இருந்து ஒட்டிக்கிட்டது இது. பங்குனியில ஊர் முழுக்க வருது. நீ கூப்பிட்டதால யாரும் வரல."

ஆறுதலாகத்தான் சொன்னாள். பொன்னியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாம் சிஸ்டரு. நான் கூப்டுதான் வந்தான்னு இருக்கட்டும். பழி என் தலைல கெடக்கட்டும். இம்மா வருசம் நான் பேசுனது எதுவும் அவ காதுல வுயலன்னு மட்டும் சொல்லாத."

 ஜெயசீலியும் தினமும் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டு போகிறவள்தான். எழுந்து, பாட்டிலில் மருந்து இறங்குகிறதா என்று பார்த்தாள்.

அந்த வாரக் கடைசியில் காய்ச்சல் இறங்கியது. விலா அடித்துக்கொள்வது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒரு காலை கோபு கண்ணைத் திறந்து, அப்பா மேலே சங்கரா வாசனை அடிக்குது என்றான். ஜன்னலுக்கு வெளியே நின்ற ரங்கன் அன்றைக்கு ஒரு மீனையும் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் ஆமாம் என்றான்.

முத்துகள் காய்ந்து உதிர்ந்த பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். டாக்டர் வெதுவெதுப்பாக ஊற்றலாம் என்றார். ஜெயசீலி ஆஸ்பத்திரி வாளியில் தண்ணீர் பிடித்து வெயிலில் வைத்துக் கொடுத்தாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, முறைப்படி நாள் விட்டு நாள் மூன்று தண்ணீர் ஊற்றினாள் பொன்னியம்மாள். மூன்றாம் தண்ணீர் முடிந்ததும் அம்மாவை வழியனுப்ப வேண்டும்.

கட்டிலில் கட்டியிருந்த வேப்பிலையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே அதே தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போனாள். இலையை வேரடியில் வைத்து, வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். எரிந்து முடிகிறவரை நின்றாள். வீட்டுக்கு வந்தவர்களைப் போ என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் நம் ஊரில் இல்லை. போய்ட்டு வா என்றுதான் சொல்ல வேண்டும். பரம எதிரியாக இருந்தாலும் அப்படித்தான். போ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை; கூப்பிட்டவளே அவள்தானே. போய்ட்டு வா என்று சொல்ல உயிர் நடுங்கியது.

கூடவே வந்த ஜெயசீலி தள்ளி நின்றாள். பொன்னியம்மாள் கைகூப்பி நின்று, பல நாள் கழித்து முதல் தடவையாக அம்மனிடம் பேசினாள்.

"நீ இருக்கற எடத்துலயே இரு தாயே. நானே வந்து பாக்கறன்."

இரும்புலியூருக்குத் திரும்பியபோது அறை பெருக்கி மெழுகி, விளக்கு ஏற்றியிருந்தது. போன நாளிலிருந்து கிளியம்மாள் அதை அணையவிடவில்லை. பிள்ளையைத் தூக்கி முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கஞ்சி கொண்டு வந்து வைத்தாள்.

அதற்குப் பிறகும் வைத்தியம் இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தது. அதிலும் பயந்த நாட்கள் இருந்தன. மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன நாளில், பொன்னியம்மாள் வார்டுக்கு ஒரு கூடை வஞ்சிரம் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்க மறுத்தவர்களைத் திட்டிக் கொடுத்தாள். தொண்ணூறுகளின் கடைசியில் கோபு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். படிப்பு முடிந்தால் மறைமலை நகரில் வேலை கிடைக்கும் என்று அவனும் அவன் கூட்டாளிகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். நெற்றியிலும் மூக்கோரத்திலும் அம்மைத் தழும்பு அப்படியே இருந்தது. கண்ணாடி முன்னால் அதைப் பற்றி முணுமுணுத்தால் மட்டும் அம்மாவிடம் அடி விழும்.

ஆடி தவறாமல் அவனையும் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போய்விடுவாள். கரகம் ஊர்வலம் வரும்போது பம்பை முழங்க, ஊர்ப் பெண்கள் எல்லாரும் வாடி தாயே, வந்து நில்லடி என்று அம்மனைக் கூவி அழைப்பார்கள். பொன்னியம்மாள் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். அவ்வளவு பேசுகிறவள் அந்த நேரத்தில் உதட்டை மடித்துக்கொண்டு நிற்பது கோபுவுக்கு விநோதமாக இருக்கும். ஒரு வருஷம் ஏன் என்று கேட்டான். கூட்டம் குறையட்டும் என்றாள்.

கூட்டம் குறைந்த பிறகு உள்ளே போனாள். கோபு பின்னால் நின்றான். அவள் படியில் கையை ஊன்றி, கீழே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நானே வந்துட்டன்," என்றாள். "நீ எய்ந்துக்காத, குந்தியிரு."